டை ஏற்றினால் கிட்னி போய்விடுமா?

கேள்வி, ஜனவரி 9

அப்பாவுக்கு 71 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. கிரியாட்டினின் 1.5. அல்ட்ராசவுண்டில் கணையத்துப் பக்கம் ஏதோ தெரிகிறது, கான்ட்ராஸ்ட், அதாவது படம் தெளிவாகத் தெரிய நரம்பில் ஏற்றும் டை, போட்டு சிடி எடுத்துப் பார்த்துவிடலாம் என்கிறார் டாக்டர். சொந்தக்காரர்கள் எல்லாரும் "டை ஏத்தினா கிட்னி போயிடும், அப்புறம் டயாலிசிஸ்தான்" என்று பயமுறுத்துகிறார்கள். ஒருவர் தன் மாமாவுக்கு அப்படித்தான் ஆனது என்று சத்தியம் செய்கிறார். டை இல்லாமல் எடுக்கச் சொல்லிக் கேட்கலாமா?

ஜனவரி 9, இரவு

கேட்காதீர்கள். குறைந்தபட்சம் அப்பாவின் ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் திறன்) எவ்வளவு என்று தெரியும்வரை கேட்காதீர்கள்.

நான் மருத்துவர் இல்லை. பல வருடங்களாகச் சிறுநீரகம் பாதி அளவுக்கும் குறைவாகவே வேலை செய்யும் ஆள். இந்தப் பயத்தோடு வாழ்ந்திருக்கிறேன், அது செய்யும் கெடுதலை வீட்டிலும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கிரியாட்டினின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. அது தசையிலிருந்து வரும் கழிவு. வயது, ஆணா பெண்ணா என்பதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் வடிகட்டும் திறன், அதாவது ஈஜிஎஃப்ஆர் தெரியும். இப்போது புழக்கத்தில் இருக்கும் 2021 சூத்திரத்தில் போட்டால் 1.4 கிரியாட்டினின் உள்ள 30 வயது ஆணுக்கு 69 வரும். அதே 1.4 இருக்கும் 75 வயதுப் பெண்ணுக்கு 39தான். உங்கள் அப்பாவின் வயதுக்கும் 1.5க்கும் போட்டுப் பார்த்தேன், 49 அல்லது 50 வருகிறது.

அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரியும் தேசியச் சிறுநீரக அறக்கட்டளையும் 2020இல் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டார்கள். நரம்பில் ஊசி வழியாகப் போகும் கான்ட்ராஸ்டால் சிறுநீரகம் அடிபடும் வாய்ப்பு, ஈஜிஎஃப்ஆர் 45க்கு மேல் இருந்தால் ஏறக்குறைய பூஜ்ஜியம். 30 முதல் 44 வரை இருந்தால் 0 முதல் 2 சதவீதம். 30க்குக் கீழே போனால் 0 முதல் 17 சதவீதம் வரை. கடைசி வரிசையில் இடைவெளி அவ்வளவு பெரிதாக இருக்கக் காரணம், ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறுவதுதான். அங்கேதான் உண்மையான கவனம் தேவை.

உங்கள் அப்பா முதல் வரிசையில் இருக்கிறார். கணையத்தில் சந்தேகம் என்றால் டை இல்லாத படத்தால் பெரிய பிரயோஜனம் இல்லை.

ஜனவரி 10

"அப்படியானால் மாமாவுக்கு நடந்தது பொய்யா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பொய்யாக இருக்க வேண்டியதில்லை. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கலாம்.

ஒருவருக்கு எதற்காக சிடி எடுக்கிறார்கள்? கடுமையான காய்ச்சல், ரத்தத்தில் கிருமி, விபத்து, குடல் அடைப்பு, இதயக் கோளாறு. இவை ஒவ்வொன்றும் தனியாகவே சிறுநீரகத்தை அடிக்கும். கூடவே ஆன்டிபயாட்டிக், வலி மாத்திரை, சாப்பிடாமல் கிடந்த உடம்பு. நடுவில் ஒரு நாள் ஸ்கேன். மறுநாள் கிரியாட்டினின் ஏறினால், எல்லார் கண்ணுக்கும் தெரிவது அந்த ஒரு ஊசிதான்.

பல வருட ஆய்வுகளே இந்த வலையில் விழுந்தன. கான்ட்ராஸ்ட் போட்டவர்களை மட்டும் எடுத்து, இத்தனை பேருக்கு ஏறியது என்று எழுதினார்கள். போடாதவர்களோடு ஒப்பிடவில்லை. 2008இல் வந்த ஓர் ஆய்வு, கான்ட்ராஸ்டே ஏற்றாத 30,000க்கும் மேற்பட்ட மருத்துவமனை நோயாளிகளின் கிரியாட்டினினை நாள்வாரியாகப் பார்த்தது. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு 25 சதவீதமோ அதற்கு மேலோ ஏறி இறங்கியிருந்தது. அந்தக் காலத்தில் "டையால் வந்த சிறுநீரகப் பாதிப்பு" என்று முத்திரை குத்தப் போதுமான அளவு அது. டை இல்லாமலே!

2013இல் மேயோ கிளினிக்கும் மிச்சிகன் பல்கலைக்கழகமும் தனித்தனியாக, ஒரே மாதிரி நோயாளிகளைச் சேர்த்து, போட்டவர் போடாதவர் என்று ஒப்பிட்டார்கள். மேயோ குழுவுக்கு இரு பக்கமும் வித்தியாசமே தெரியவில்லை. மிச்சிகன் குழு, ஈஜிஎஃப்ஆர் 30க்குக் கீழ் உள்ளவர்களுக்கு மட்டும் தெளிவான ஆபத்து இருக்கிறது என்றது. மேலே சொன்ன 2020 அறிக்கைக்கு இந்த மாதிரி ஆய்வுகள்தான் அடிப்படை.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு, மறைக்க விரும்பவில்லை. டாக்டர்கள் ரொம்ப மோசமான சிறுநீரகம் உள்ளவர்களுக்குக் கான்ட்ராஸ்டைத் தவிர்த்திருப்பார்கள். என்னதான் ஒப்பிட்டுச் சரிக்கட்டினாலும் அந்தத் தேர்வின் சாயல் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அதனால் "ஆபத்தே இல்லை" என்று நான் சொல்ல மாட்டேன். நாம் நினைத்ததைவிட மிகக் குறைவு, அதுவும் குறிப்பிட்ட சிலருக்கு. அவ்வளவுதான்.

ஜனவரி 10, மாலை

பயம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் நியாயமான கதை இருக்கிறது. 1954இலேயே, மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் உள்ள ஒருவருக்குச் சிறுநீர்ப்பாதைப் படம் எடுத்த பிறகு சிறுநீரகம் நின்றுபோனதாகப் பதிவு உண்டு. அன்று டையாக ஏற்றிய அயோடின் கரைசல்களில் கரைந்த துகள்களின் செறிவு ரத்தத்தைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். ரத்தம் 290 என்றால் அவை 1500ஐத் தாண்டும். 1960களின் கடைசியில் டோர்ஸ்டன் அல்மென் என்ற சுவீடன் கதிரியக்க மருத்துவர், அயனியாகப் பிரியாத மூலக்கூறாகச் செய்தால் இந்தச் சுமை குறையும் என்று யோசித்தார். இன்று பெரும்பாலும் போடுவது அந்த வழியில் வந்த 600 முதல் 850 வரையிலான சரக்கு. ரத்தத்தின் அளவுக்கே இருக்கும் அயோடிக்சனால் என்ற மருந்தும் உண்டு. பழைய மருந்து செய்த பாவத்தைப் புதிய மருந்தின் தலையில் கட்டுகிறோம்.

ஜனவரி 12

என் அம்மாவுக்கு நடந்ததை எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

விட்டுவிட்டுக் காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழ் வலி. கிரியாட்டினின் 1.4, வயது எழுபதைத் தாண்டியது. ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "1.4 இருக்கே, கான்ட்ராஸ்ட் போட மாட்டோம், ப்ளெயின் எடுத்துக்குங்க" என்றார். ஈஜிஎஃப்ஆர் யாரும் கணக்குப் போடவில்லை. அனுப்பிய டாக்டருக்கு ஒரு போன் போகவில்லை. நாங்களும் கிட்னி தப்பித்தது என்ற நிம்மதியில் தலையாட்டினோம்.

ரிப்போர்ட்டின் கடைசி வரி இன்னும் எனக்கு மனப்பாடம்: கல்லீரலில் அடர்த்தி குறைந்த பகுதி தெரிகிறது, கான்ட்ராஸ்ட் இல்லாததால் தன்மையை உறுதி செய்ய இயலவில்லை, தேவையெனில் கான்ட்ராஸ்டுடன் மீண்டும் எடுக்கவும். அந்த "தேவையெனில்" எங்களை ஆளுக்கொரு பக்கம் இழுத்தது. மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். காய்ச்சல் விடவில்லை. நடுக்கம் வந்து, பிரஷர் விழுந்த பிறகுதான் வேறொரு மருத்துவர் உட்கார்ந்து எங்களிடம் பேசினார். "கிட்னியைக் காப்பாத்தறேன்னு ஆளை விட்டுடக் கூடாதும்மா" என்றார். சலைன் ஓடவிட்டு, கான்ட்ராஸ்ட் போட்டு எடுத்தார்கள். ஓரம் பளிச்சென்று வளையம் கட்டி, நடுவில் கறுப்பாகச் சீழ்க்கட்டி. அன்றைக்கே குழாய் வைத்து வடித்தார்கள்.

கிரியாட்டினின் 1.9 வரை போய், ஒரு வாரத்துக்குள் 1.4க்கே திரும்பிவிட்டது.

ஜனவரி 12, பின்னிரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். அந்த 1.9ஐப் பார்த்ததும் "ஆக, டை வேலையைக் காட்டிவிட்டது" என்று சிலர் நினைக்கலாம். அன்று எங்கள் வீட்டிலும் ஒருவர் அதையேதான் சொன்னார். ஆனால் ஸ்கேன் எடுப்பதற்கு முன், அன்று காலை எடுத்த ரத்தத்திலேயே 1.7 இருந்தது. கிருமியும் விழுந்த பிரஷருமே அதை ஏற்றத் தொடங்கியிருந்தன. மிச்சம் 0.2ஐ எந்தக் கணக்கில் எழுதுவது? எனக்குத் தெரிந்தவரை எந்தப் பரிசோதனையும் அதைப் பிரித்துச் சொல்லாது. டைக்குப் பின் ஏறியது வேறு, டையால் ஏறியது வேறு. ஒரு தனி மனிதரை வைத்து இரண்டாவதை நிரூபிப்பது மிகவும் கடினம்.

ஜனவரி 13

மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை ஸ்கேனுக்காக நிறுத்த வேண்டுமா என்று கேட்டவருக்கு. அந்த மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. கான்ட்ராஸ்டோடு மோதுவதும் இல்லை. சிக்கல் வேறு: ஒருவேளை சிறுநீரகம் திடீரென்று நின்றால் மெட்ஃபார்மின் வெளியேற முடியாமல் உடம்பில் தேங்கி, ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறும் அபாயம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் சொன்னபடி, ஈஜிஎஃப்ஆர் 30 முதல் 60 வரை இருந்தால் ஸ்கேன் நேரத்தில் நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துச் சிறுநீரகத்தைப் பார்த்துவிட்டுத் தொடர வேண்டும். கதிரியக்கக் கல்லூரியின் வழிகாட்டி இன்னும் தளர்வு: நரம்பு வழி ஊசி, ஈஜிஎஃப்ஆர் 30க்கு மேல், திடீர்ப் பாதிப்பு எதுவும் இல்லை என்றால் நிறுத்தவே தேவையில்லை. ஆளுக்கு ஆள் வேறு வேறு சொல்வது இதனால்தான். உங்கள் மருத்துவர் எதைப் பின்பற்றுகிறாரோ அதைச் செய்யுங்கள். ஆனால் நிறுத்திய மாத்திரையை யார், எப்போது தொடரச் சொல்வார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நிறுத்தச் சொன்னவர்கள் தொடரச் சொல்ல மறந்து, சர்க்கரை 400ஐத் தொட்ட பிறகு ஓடிவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 14

ஆஞ்சியோ பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். நான் இதுவரை சொன்ன எண்கள் எல்லாம் கைநரம்பு வழியாகப் போகும் சிடிக்கு. தமனி வழியாகக் குழாய் விட்டு இதயத்துக்குள் செலுத்தும்போது கதை கொஞ்சம் மாறும். கைநரம்பில் ஏற்றினால் மருந்து இதயம், நுரையீரல் எல்லாம் சுற்றி நீர்த்துப்போய்த்தான் சிறுநீரகத்துக்கு வரும். இதயத்தின் இடது அறையிலோ சிறுநீரகத்துக்கு மேலே பெருந்தமனியிலோ செலுத்தினால் அவ்வளவு நீர்க்காமல் வந்து சேரும். போதாக்குறைக்கு, குழாய் போகும் வழியில் பெருந்தமனியின் சுவரில் படிந்த கொழுப்புத் துணுக்குகள் பெயர்ந்து சிறுநீரகத்தின் சிறு குழாய்களை அடைக்கலாம். அதற்கும் டைக்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் பழி டைக்குத்தான். மாரடைப்பில் வந்தவருக்குப் பலவீனமான இதயத்தால் ரத்த ஓட்டம் குறைந்திருப்பது இன்னொன்று.

ஆனாலும் மாரடைப்பின் நடுவில் "கிரியாட்டினின் வரட்டும்" என்று காத்திருக்கும் வேலை வேண்டாம். பக்கவாதத்துக்கும் அதேதான். சிறுநீரகம் குறைந்தவர்களுக்கு, பயத்தாலேயே தேவையான இதயச் சிகிச்சை மறுக்கப்படுகிறது என்று மருத்துவர்களே 2004இலிருந்து எழுதி வருகிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு இதயநோய்தான் பெரிய எமன். டயாலிசிஸுக்குப் போகும் முன்பே இதயத்தால் போகிறவர்கள் அதிகம்.

ஜனவரி 14

இறால், நண்டு ஒத்துக்கொள்ளாது, அதனால் அயோடின் டை ஆகாதா என்று ஒரு கேள்வி. சம்பந்தம் இல்லை. அந்த அலர்ஜி அவற்றின் புரதத்தால் வருவது. முன்பு கான்ட்ராஸ்டுக்கே தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அது சிறுநீரகப் பிரச்சினையிலிருந்து முற்றிலும் வேறு.

ஜனவரி 16

"நிறையத் தண்ணீர் குடித்தால் போதுமா, ட்ரிப்ஸ் போட வேண்டுமா?"

முன்பெல்லாம் எல்லாருக்கும் ட்ரிப்ஸ், கூடவே அசிட்டைல்சிஸ்டீன் மாத்திரை. எனக்கும் கொடுத்தார்கள், அழுகிய முட்டை வாசம், மறக்கவே முடியாது. 2018இல் பிரிசர்வ் என்ற பெரிய ஆய்வு, ஆஞ்சியோ செய்துகொண்ட சுமார் 5000 பேரிடம் பார்த்தது: மாத்திரையால் பலன் இல்லை, சோடா உப்பு ட்ரிப்ஸ் சாதாரண சலைனைவிட எந்த வகையிலும் மேல் இல்லை. அதற்கு முந்தைய வருடம் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டில் நடந்த ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஈஜிஎஃப்ஆர் 30 முதல் 59 வரை உள்ள 660 பேர். பாதிப் பேருக்குச் சலைன், பாதிப் பேருக்கு ஒன்றும் இல்லை. சிறுநீரகப் பாதிப்பு ஒரு பக்கம் 2.7 சதவீதம், மறுபக்கம் 2.6. வித்தியாசமே இல்லை. ஆனால் சலைன் ஏற்றியவர்களில் 5.5 சதவீதம் பேருக்கு அந்தச் சலைனாலேயே தொல்லை, பெரும்பாலும் இதயம் தாங்காமல் உடம்பில் நீர் தேங்கி மூச்சு வாங்கியது.

அதனால் இப்போதைய நிலை: ஈஜிஎஃப்ஆர் 30க்குக் கீழே, அல்லது சிறுநீரகம் ஏற்கெனவே திடீரென்று அடிபட்டிருக்கும் நேரம் என்றால் சலைன். 30 முதல் 44 வரை உள்ளவர்களுக்கு வேறு சிக்கல்களும் இருந்தால் டாக்டர் முடிவு செய்வார். மற்றவர்கள் வழக்கம்போலத் தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம். இதயம் பலவீனமானவர்கள் யாரோ சொன்னார்கள் என்று குடம் குடமாகக் குடித்துவிடாதீர்கள்.

தண்ணீரைவிட நான் கவனிப்பது வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வகை எதுவும் ஸ்கேனுக்கு முன்னும் பின்னும் தொடுவதில்லை. சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தத்தை அவை குறைக்கும். கான்ட்ராஸ்டும் உள்பகுதி ரத்தக் குழாய்களைச் சற்று நேரம் சுருக்கும். இரண்டும் ஒன்றாக எதற்கு? நீர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், கேட்டுச் செய்யுங்கள்.

ஜனவரி 17

எப்படி இருக்கும் என்று பயந்து கேட்ட தங்கைக்கு. முழங்கை மடிப்பில் ஊசிக்குழல் போடுவார்கள். தலைமாட்டில் இரண்டு பெரிய சிரிஞ்சு பூட்டிய இயந்திரம். ஒன்றில் கான்ட்ராஸ்ட், ஒன்றில் சலைன். அழுத்தம் ஏறியதும் தொண்டையில் சூடு கிளம்பும், வாயில் இரும்புச் சுவை, பிறகு சூடு அடிவயிற்றுக்கு இறங்கி, படுத்தபடியே சிறுநீர் கழித்துவிட்டோமோ என்று தோன்றும். கழித்திருக்க மாட்டோம். எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றும். அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். அது அலர்ஜியும் இல்லை, சிறுநீரகம் கெடும் அறிகுறியும் இல்லை. ஊசி போட்ட இடம் வீங்கி எரிந்தால் மட்டும் உடனே குரல் கொடுங்கள்.

நல்ல சிறுநீரகத்தில் இரண்டு மணி நேரத்துக்கொரு முறை பாதியாகக் குறைந்து, ஒரு நாளில் ஏறக்குறைய எல்லாமே வெளியேறிவிடும். குறைந்த சிறுநீரகத்தில் நேரம் பிடிக்கும்.

ஜனவரி 19

"சிடி வேண்டாம், எம்ஆர்ஐ எடுத்துக்கொள்ளலாம், அதில் டை ஆபத்து இல்லை." இந்த யோசனையை நிறையப் பேர் சொல்கிறீர்கள். கொஞ்சம் நில்லுங்கள்.

எம்ஆர்ஐயில் போடுவது அயோடின் இல்லை, கேடோலினியம். வழக்கமான அளவில் அது சிறுநீரகத்தை நேராகக் கெடுப்பதாகக் கருதப்படுவதில்லை. ஆனால் சிறுநீரகம் மிகவும் குறைந்தவர்களுக்கு வேறொன்று வந்தது. தோல் மரப்பலகை மாதிரி தடித்து இறுகி, மூட்டுகள் மடங்க முடியாமல் போகும் நோய். 1997இல் முதல் நோயாளிகள் கவனிக்கப்பட்டார்கள், 2006இல்தான் கேடோலினியத்தோடு தொடர்பு பிடிபட்டது, 2007இல் அமெரிக்காவில் கறுப்புக்கட்ட எச்சரிக்கை, அதாவது மருந்துக் குறிப்பில் இடும் மிகக் கடுமையான எச்சரிக்கை, வந்தது. பெரும்பாலும் கேடோலினியத்தை இறுகப் பிடித்துவைக்காத பழைய மூலக்கூறுகள்தான் காரணம். ஐரோப்பா 2017இல் அவற்றில் பலவற்றை நிறுத்தியது. இன்றைய உறுதியான வகைகளைக் கடுமையான சிறுநீரகக் குறைவு உள்ள சுமார் 5000 பேரிடம் தொகுத்துப் பார்த்ததில் ஒருவருக்கும் அந்த நோய் வரவில்லை.

ஆக எம்ஆர்ஐ கதவு திறந்தேதான் இருக்கிறது. எந்தக் கேள்விக்கு எந்தப் படம் நல்ல பதில் தரும் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். டைக்குப் பயந்து இங்கிருந்து அங்கே ஓட வேண்டாம்.

ஜனவரி 20

டயாலிசிஸில் இருக்கும் ஓர் அண்ணன் கேட்டிருந்தார்: ஸ்கேன் முடிந்ததும் உடனே டயாலிசிஸ் செய்து டையை எடுக்க வேண்டுமா? அயோடின் கான்ட்ராஸ்டுக்குத் தேவையில்லை, வழக்கமான நாளில் செய்தால் போதும். சிறுநீரே வராத நிலை என்றால் காப்பாற்ற வேண்டிய வேலையும் அங்கே மிச்சமில்லை. ஆனால் தினமும் கொஞ்சமாவது சிறுநீர் போகிறது என்றால் அதைச் சொல்லிவிடுங்கள், அந்த மிச்சம் மதிப்பானது. கேடோலினியம் என்றால் அடுத்த டயாலிசிஸுக்குச் சற்று முன்பாக ஸ்கேனை வைத்துக்கொள்ளச் சொல்வார்கள்.

ஒரு சிறுநீரகம் தானம் கொடுத்தவர் கேட்டதற்கு: ஒன்றுதான் இருக்கிறது என்பது மட்டுமே தடை இல்லை. ஈஜிஎஃப்ஆர் என்ன என்பதே அங்கும் கணக்கு.

ஜனவரி 23

முதலில் கேட்டவர் தனியாக எழுதியிருந்தார், இங்கே சொல்லச் சம்மதமும் தந்தார். அப்பாவுக்கு ஈஜிஎஃப்ஆர் 49 என்று லேபிலும் வந்தது. கான்ட்ராஸ்ட் சிடி எடுத்தாகிவிட்டது. கணையத்தில் இருப்பது நீர்க்கட்டி, இப்போதைக்குக் கண்காணித்தால் போதும் என்றிருக்கிறார்கள். மறுநாளே கிரியாட்டினின் பார்த்து 1.6 என்றதும் வீட்டில் மறுபடி கலவரம்.

ஐயா, 1.5க்கும் 1.6க்கும் நடுவில் ஒன்றும் இல்லை. ஒரே ரத்தத்தை இரண்டு லேபில் கொடுத்தால்கூட அவ்வளவு மாறலாம். 48 மணி நேரத்துக்குள் 0.3 ஏறினாலோ, ஏழு நாளுக்குள் ஒன்றரை மடங்கு ஆனாலோதான் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு என்கிறார்கள். உண்மையாகவே ஏறும்போது ஒன்றிரண்டு நாளில் தொடங்கி, மூன்று முதல் ஐந்து நாளில் உச்சம் தொட்டு, பெரும்பாலும் பத்து நாளுக்குள் இறங்கிவிடும். உங்கள் அப்பாவின் எண்ணுக்கு மறுநாள் பரிசோதனையே அவசியம் இருந்திருக்காது. ஆறு மாதம் கழித்துத் திரும்ப ஸ்கேன் என்றால் தாராளமாகப் போகலாம்.

ஜனவரி 24

அடுத்தடுத்து இரண்டு ஸ்கேன் பற்றி: 2018இன் ஐரோப்பிய வழிகாட்டி, அவசரம் இல்லாவிட்டால் இரண்டு ஊசிக்கு நடுவே நான்கு மணி நேரம் விடச் சொன்னது, ஈஜிஎஃப்ஆர் 30க்குக் கீழே என்றால் 48 மணி நேரம். அவசரம் என்றால் இந்த இடைவெளிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

நேற்று முன்தினம் ஸ்கேன் எடுத்துவிட்டு, சிறுநீர் வெகுவாகக் குறைந்து கால் வீங்குகிறது என்று எழுதிய சகோதரிக்கு: இங்கே பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். இன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்கச் சொல்லுங்கள். கடந்த வாரம் சாப்பிட்ட எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.